சாம்பிளுக்கும் டிராயிங்குக்கும் நடுவே

கோவை கணபதியிலோ ஆவாரம்பாளையத்திலோ ஒரு ஜாப் ஒர்க் பட்டறைக்குள் போய் ஏதாவது ஒரு பாகம் செய்துதரச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். 'சாம்பிள் இருக்குதுங்களா?' என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். டிராயிங் கொண்டுவந்தீர்களா என்று கேட்பவர்கள் குறைவு. சாம்பிள் கைக்கு வந்துவிட்டால் வெர்னியரை எடுத்து அளந்து, கடைசல் பிடித்து, அச்சு அசலாக இன்னொன்றைக் கொடுத்துவிடுவார்கள். இதை மட்டமாக நினைக்க வேண்டியதில்லை. ஒரு நகரத்தின் பாதி அடுப்பு இந்தக் கைத்திறமையில்தான் எரிந்திருக்கிறது. ஆனால், சாம்பிளைப் பார்த்துச் செய்கிறவருக்கு அந்தப் பாகம் எத்தனை மில்லிமீட்டர் தடிமன் என்பது தெரியும். ஏன் அத்தனை தடிமன் என்பது தெரியாது. வடிவமைப்பு என்பதெல்லாம் அந்த 'ஏன்' தெரிவதில்தான் இருக்கிறது.

பம்பையே எடுத்துக்கொள்வோம். சந்தையில் நன்றாக ஓடுகிற ஒரு மோனோபிளாக் பம்பைப் பார்த்து ஒரு சிறு பட்டறை தானும் ஒன்று செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பேட்டர்ன் செய்கிற தச்சருக்கு வார்ப்பிரும்பு ஆறும்போது மீட்டருக்குப் பத்து மில்லிமீட்டர் சுருங்கும் என்பது அத்துப்படி. அதற்கென்றே சற்று நீட்டிய அளவுகோல் வைத்திருப்பார். இம்பெல்லரின் வெளிவிட்டத்தை லேத்தில் போட்டுச் சரிசெய்துவிடலாம். சிக்கல் உள்ளே இருக்கிறது. இம்பெல்லர் இதழின் வளைவை வெர்னியரால் அளக்க முடியாது. கோணம் இரண்டு மூன்று டிகிரி பிசகும். வார்க்கும்போது மணல் கோர் ஒரு பக்கமாக நகர்ந்தால் ஓர் இதழ் தடித்தும் மற்றொன்று மெலிந்தும் வரும். தண்ணீர் ஓடும் வழி சொரசொரப்பாகவே நின்றுவிடும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பம்புக்கும் வித்தியாசம் சொல்ல முடியாது. பெயின்ட் அடித்துவிட்டால் செய்தவராலேயே முடியாது.

டெஸ்ட் பெட்டில் ஏற்றினால் தெரிந்துவிடும். தொட்டியிலிருந்து தண்ணீரை இழுக்கவிட்டு, வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டே, எவ்வளவு உயரத்துக்கு எவ்வளவு தண்ணீர், அதற்கு எவ்வளவு மின்சாரம் என்று குறித்துக்கொண்டு வருவார்கள். விநாடிக்கு 7 லிட்டரை 30 மீட்டர் உயரம் தூக்குவதற்கு, தண்ணீருக்கு மட்டும் ஆகிற வேலை சுமார் 2.06 கிலோவாட். அதற்கு ஒரு பம்பு 4.5 கிலோவாட் இழுத்தால் அதன் திறன் 46 சதவீதம். 4.1 கிலோவாட் இழுத்தால் 50 சதவீதம். வித்தியாசம் 0.4 கிலோவாட்தான். ஆண்டுக்கு 1,500 மணி நேரம் ஓடினால் அது 600 யூனிட். அப்படிப் பத்து லட்சம் பம்புகள் ஓடினால் 60 கோடி யூனிட். தமிழ்நாட்டில் விவசாய மின் இணைப்புகள் மட்டுமே 20 லட்சத்துக்கு மேல் இருக்கின்றன. இரண்டு டிகிரி வளைவு எங்கே போய் முட்டுகிறது பாருங்கள்.

இந்தக் கணக்கைத் தன் பம்புக்குப் போட்டுப் பார்க்க ஒரு சிறு பட்டறையால் தனியாக முடியாது. டெஸ்ட் பெட், துல்லியக் கருவிகள், அவற்றைக் குறித்த காலத்தில் சரிபார்க்கும் வேலை, முடிவைப் படித்துச் சொல்லத் தெரிந்த ஒரு பொறியாளர் எல்லாம் வேண்டும். பலர் சேர்ந்து வைத்துக்கொண்டால்தான் கட்டுப்படியாகும். சோதனைக்கூடம், டூல் ரூம், தொழிற்பயிற்சி நிலையம், தொழில்முனைவோர் சங்கம், ஆராய்ச்சிக் கழகம் என்று பட்டறைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவில் நிற்கிற இந்த அமைப்புகளைப் பற்றித்தான் நாம் மிகக் குறைவாகப் பேசுகிறோம். பொறியியல் கல்லூரிகளில் எத்தனை இடம் காலி என்பது ஆண்டுதோறும் தலைப்புச் செய்தியாகிறது. ஒரு டூல் ரூமில் எத்தனை பணியிடம் காலி என்று யாரும் கேட்பதில்லை.

கோவை வளர்ந்த கதையில் இந்த நடு அமைப்புகளுக்குத்தான் பெரிய பங்கு. பீளமேட்டில் பி.எஸ்.கோவிந்தசாமி நாயுடுவின் பிள்ளைகள் நால்வரும் குடும்பச் சொத்தை ஐந்து பங்காகப் பிரித்து, ஐந்தாவதை அறத்துக்கு ஒதுக்கியதைப் பலரும் கேட்டிருப்பார்கள். 1926-ல் உருவான அந்த அறக்கட்டளை, அதே ஆண்டில் தொடங்கியது ஒரு தொழிற்கூடம். பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட் என்று பெயர். பாலிடெக்னிக் வந்தது 1939-ல். பொறியியல் கல்லூரி 1951-ல். இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் பட்டறை, பிறகு டிப்ளமோ, கடைசியில் பட்டம். பம்பும் மோட்டாரும் செய்து விற்கிற தொழிற்கூடத்தின் சுவரை ஒட்டிக் கல்லூரி எழுந்ததால், மாணவர் கையில் கிடைத்தது பயிற்சிக்கென்று ஒதுக்கிய இரும்புத் துண்டாக இல்லை. வாடிக்கையாளருக்குப் போகவேண்டிய சரக்காக இருந்தது. படிப்பையும் தொழிற்சாலை வேலையையும் மாற்றி மாற்றி வைக்கிற ஐந்தாண்டு 'சாண்ட்விச்' பொறியியல் படிப்பு அங்கே வேர்பிடித்ததில் வியப்பில்லை.

இடையில் 1930-களின் தொடக்கத்தில் நீலகிரியிலிருந்து பைக்காரா மின்சாரம் வந்தது. மில்கள் பெருகின, கிணறுகளில் மோட்டார் ஏறியது. 1937-ல் ஜி.டி.நாயுடுவின் தொழிற்சாலையில் டி.பாலசுந்தரம் நாயுடு வடிவமைத்த மோட்டார், இந்தியாவிலேயே செய்த முதல் மின்மோட்டார் என்று பெயர் பெற்றது. பாலசுந்தரம் பின்னால் 'டெக்ஸ்டூல்' தொடங்கினார். ஜி.டி.நாயுடு வேறொரு காரியமும் செய்தார். அவருடைய நன்கொடையில் 1945-ல் அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரி எழுந்தது. இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரியின் வேர் அதுதான். அதன் முதல்வராகவும் இருந்த நாயுடு, பொறியியலுக்கு நான்கு ஆண்டு தண்டம், இரண்டு ஆண்டு போதும் என்றார். அன்றைய அரசு ஏற்கவில்லை, அவர் விலகிக்கொண்டார். இரண்டு ஆண்டு போதுமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனால், காலத்தைப் பட்டறையில் செலவிட வேண்டும் என்ற அவருடைய அவசரம் புரிகிறது.

பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியின் முதல் முதல்வர் ஜி.ஆர்.தாமோதரன் 'கலைக்கதிர்' என்ற அறிவியல் மாத இதழைத் தமிழில் நடத்தினார் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். இன்று எந்தப் பொறியியல் கல்லூரி முதல்வராவது, பக்கத்துப் பட்டறைத் தொழிலாளி படிக்கட்டும் என்று மாதாமாதம் ஓர் இதழ் கொண்டுவருவாரா? தரவரிசைக்கு அதனால் ஒரு புள்ளிகூடக் கிடைக்காது.

சுதந்திரத்துக்குப் பிறகு தொழில்காரர்கள் தாங்களே அமைப்புகளைக் கட்டினார்கள். 1952-ல் 'சீமா' என்கிற தென்னிந்தியப் பொறியியல் உற்பத்தியாளர் சங்கம். 1956-ல் 'சிட்ரா' என்கிற தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகம். 1969-ல் சிறுதொழில்களுக்கான 'கொடிசியா'. பம்பு, மோட்டார் சோதனைக்கும் கருவிகளின் அளவுத் திருத்தத்துக்கும் 1980-களில் 'சிடார்க்'. இவற்றில் சிட்ராவைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். நூல் மில்கள் ஒன்றுக்கொன்று பரம வைரிகள். பஞ்சு வாங்குகிற விலையைப் பக்கத்து மில்லுக்குச் சொல்ல மாட்டார்கள். ஆனால், ஒரு கிலோ நூலுக்கு எவ்வளவு பஞ்சு வீணாகிறது, எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், எவ்வளவு மின்சாரம் ஆகிறது என்ற கணக்கைச் சிட்ராவிடம் கொடுத்தார்கள். எல்லாருடைய கணக்கையும் சேர்த்து, இந்த ரக நூலுக்கு இவ்வளவுதான் ஆக வேண்டும் என்று அது அளவுகோல் வகுத்துத் தந்தது. தன் மில் எந்த இடத்தில் நிற்கிறது என்று முதலாளிக்குத் தெரிந்தது. அந்தக் கணக்கைக் காட்டிச் சண்டை போட மில் மேனேஜருக்கும் ஒரு பிடி கிடைத்தது. போட்டியாளர்களுக்கு நடுவில் நம்பிக்கையான ஒரு மூன்றாம் ஆளாக நிற்பதென்பது இதுதான். தனியார் ஆலோசனை நிறுவனத்தால் இதைச் செய்ய முடியாது. இன்று எனக்கு ஆலோசனை சொல்கிறவர் நாளை என் எதிரிக்கும் சொல்வார் என்ற பயம் இருந்துகொண்டேயிருக்கும்.

பம்புத் தொழிலுக்கு இப்படி ஓர் அளவுகோல் கழகம் அமையவில்லை. சோதனைக்கூடம் இருக்கிறது, அங்கே பம்பு போவது பெரும்பாலும் சான்றிதழுக்காக. ஐ.எஸ்.ஐ. முத்திரைக்கோ, நட்சத்திரக் குறியீட்டுக்கோ, டெண்டருக்கோ தாள் வேண்டும். தேறியது அல்லது தேறவில்லை என்ற முடிவும் ஒரு வரைகோடும் கைக்கு வரும். தேறாத பம்பை அறுத்துப் பார்த்து, குறை இதழ்க் கோணத்திலா, கோர் நகர்ந்ததிலா, வைண்டிங்கிலா என்று உட்கார்ந்து சொல்வதற்கு ஆள் நேரம் வேண்டும். அந்த நேரத்துக்குக் காசு கொடுக்க எந்தத் திட்டத்திலும் தலைப்பு இல்லை. பட்டறைக்காரர் வைண்டிங் செம்பைக் கொஞ்சம் கூட்டிவைத்து, தேறும்வரை திரும்பத் திரும்ப அனுப்புகிறார். தேறிவிட்டால் ஏன் தேறியது என்பதும் அவருக்குத் தெரியாது.

இங்கே அரசுத் திட்டங்களின் ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். சிறுதொழில் குழுமங்களுக்குப் பொது வசதி மையம் கட்ட மத்திய அரசு மானியம் தருகிறது. கட்டடத்துக்குத் தருகிறது, இயந்திரத்துக்குத் தருகிறது. ஓட்டுகிற செலவை உறுப்பினர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. நடப்பது என்னவென்றால், முப்பரிமாண அளவுமானி வந்து இறங்கும்; அதை இயக்கத் தெரிந்த பையன் ஓராண்டில் கைதேர்ந்து, சென்னைக்கோ ஓசூருக்கோ இரட்டைச் சம்பளத்துக்குப் போய்விடுவான். பிறகு ஏசி அறையில் இயந்திரம் மட்டும் குளிர்ந்துகொண்டிருக்கும்.

மாநில அரசும் சும்மா இல்லை. 2022-ல் அரசின் டிட்கோ நிறுவனம், சீமென்ஸ், டசோ சிஸ்டம்ஸ், ஜி.இ. போன்ற பன்னாட்டு நிறுவனங்களுடன் சேர்ந்து டான்சாம், டான்கேம், டாம்கோ என்ற உயர்திறன் மையங்களைச் சென்னையில் தொடங்கியது. 71 அரசு ஐ.டி.ஐ.க்களை டாடா டெக்னாலஜீஸுடன் சேர்ந்து சுமார் 2,877 கோடி ரூபாயில் நவீன தொழில்நுட்ப மையங்களாக்கும் திட்டம் வந்தது. 'நான் முதல்வன்' திட்டமும் அதே ஆண்டில்தான். இவற்றைக் குறை சொல்ல மனம் வரவில்லை. இருபது முப்பது ஆண்டுக்கு முந்தைய லேத்தில் பழகிய பிள்ளைக்கு ரோபோவும் சி.என்.சி.யும் கண்ணில் படுவது நல்லதுதான். ஆனால், ஒரு மென்பொருள் நிறுவனம் தன் மென்பொருளைக் கற்றுத்தரும் மையத்துக்கும், பட்டறைக்காரர் உடைந்த வார்ப்பைப் பையில் போட்டுக்கொண்டு வந்து மேசைமேல் வைத்து 'இது ஏனுங்க விரியுது?' என்று கேட்கக்கூடிய இடத்துக்கும் உள்ள தூரம் அதிகம். முதலாவது வளர வளர இரண்டாவதன் தேவை கூடுமே தவிரக் குறையாது. கணினித் திரையில் இம்பெல்லர் வரையத் தெரிந்த பிள்ளை, வார்த்து வந்த இம்பெல்லர் தன் படத்திலிருந்து எங்கே விலகியது என்று பார்க்க எங்கே போவான்?

டூல் ரூம்கள் ஒருகாலத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தன. தலச்சேரிக்கு அருகே நெட்டூரில் 1959-ல் சுவிட்சர்லாந்து உதவியுடன் தொடங்கிய என்.டி.டி.எஃப்., ஐதராபாத்தில் 1968-ல் ஐ.நா. அமைப்புகளின் துணையோடு வந்த மத்திய கருவி வடிவமைப்பு நிறுவனம், பிறகு ஜெர்மனி, டென்மார்க் கூட்டுறவில் ஆமதாபாத், ஔரங்காபாத், இந்தூர், ஜாம்ஷெட்பூர் ஆகிய ஊர்களில் வந்த டூல் ரூம்கள் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: தொழிற்சாலைக்கு வேண்டிய அச்சுகளைக் காசுக்குச் செய்துகொடு, அதே மேசையில் மாணவருக்கும் கற்றுக்கொடு. பிளாஸ்டிக் மூடிக்கு ஓர் அச்சு செய்கிற மாணவருக்கு, பிளாஸ்டிக் ஆறும்போது எவ்வளவு சுருங்கும், மூடி அச்சைவிட்டுக் கழல எவ்வளவு சரிவு வைக்க வேண்டும், எஃகை எப்போது கடினப்படுத்த வேண்டும் என்பதெல்லாம் ஒரே வேலையில் கைக்கு வந்துவிடுகிறது. தப்பு செய்தால் எஃகுக் கட்டி வீணாகும், வாடிக்கையாளர் கத்துவார். இந்தப் பயத்தோடு படித்தவர்களைத் தேடித் தேடி வேலைக்கு எடுப்பதில் ஆச்சரியமில்லை. டூல் அண்டு டை டிப்ளமோக்காரர் வேலையில்லாமல் இருந்து நான் அதிகம் பார்த்ததில்லை. பி.இ. முடித்தவர்களைப் பற்றி அப்படிச் சொல்ல வாய் வருவதில்லை.

பட்டறையிலிருந்து மேலே ஏறுவதற்கு ஒரு படிக்கட்டும் இருந்தது. இந்தியப் பொறியாளர்கள் கழகம் 1920-ல் சென்னையில் பதிவானது. அது நடத்திய ஏ.எம்.ஐ.இ. தேர்வைப் பகலில் வேலை பார்த்துக்கொண்டே இரவில் படித்து எழுதலாம். தேறினால் பட்டத்துக்குச் சமம். ஃபோர்மேன்கள், டிராஃப்ட்ஸ்மேன்கள், மின்வாரியத்துக்காரர்கள் எத்தனையோ பேர் அந்த வழியில் பொறியாளர் ஆனார்கள். 2013 மே மாதத்துக்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு மத்திய அரசு தந்துவந்த அந்தச் சமநிலை நின்றுபோனது. கோவைக் கல்லூரிகள் சிலவற்றில் டிப்ளமோக்காரர்களுக்கு மாலை நேரப் பி.இ. நடந்தது. அதில் சேர்ந்தவர்கள் பாடத்தில் சந்தேகம் கேட்டால் ஆசிரியர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார வேண்டியிருக்கும். இவர்கள் அந்த இயந்திரத்தை அன்று காலையில்தான் பிரித்து மாட்டிவிட்டு வந்திருப்பார்கள்! அப்படிப்பட்ட மாணவர்கள் வகுப்பில் குறைந்ததில், கல்லூரிக்குத்தான் நட்டம் அதிகம் என்பது என் கணிப்பு.

இந்த நடு அமைப்புகளுக்குப் பணம் எப்படிக் கொடுப்பது என்பதற்கு வெளிநாட்டில் ஓர் உதாரணம் இருக்கிறது. ஜெர்மனியில் 1949-ல் மியூனிக்கில் தொடங்கிய ஃபிராவுன்ஹோஃபர் கழகத்தின் ஆய்வுக்கூடங்களுக்குச் செலவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அரசிடமிருந்து நிரந்தரமாக வருகிறது. மீதியை ஆய்வு ஒப்பந்தங்கள் மூலம் அவர்களே தேட வேண்டும். முழுவதும் அரசே கொடுத்தால் கூடம் தூங்கிவிடும்; முழுவதும் சம்பாதிக்கச் சொன்னால் பெரிய கம்பெனியின் வேலையை மட்டும் எடுக்கும். மூன்றில் ஒரு பங்கு நிச்சயம் என்றால், நல்ல ஆளை வைத்துக்கொள்ளவும் முடியும், வாசலைத் திறந்துவைக்கவும் வேண்டியிருக்கும். கோவை, ஓசூர், திருச்சி, அம்பத்தூர் ஆகிய நான்கு இடங்களிலும் இருக்கிற சோதனைக்கூடங்களுக்கும் டூல் ரூம்களுக்கும் இந்தக் கணக்கில் பொறியாளர் சம்பளத்தை மட்டும் அரசு ஏற்றுக்கொண்டால் போதும். புதுக் கட்டடம் எதுவும் வேண்டாம்.

சங்கங்கள் பக்கமும் ஒரு வார்த்தை. தொழில் சங்கங்களின் மேடையில் இன்று கேட்பதெல்லாம் மின்கட்டணம், ஜி.எஸ்.டி., வங்கிக் கடன், கண்காட்சி. எல்லாமே உயிர்ப் பிரச்சினைதான், மறுக்கவில்லை. ஆனால், உறுப்பினர்களின் பம்புகளை எல்லாம் பெயர் மறைத்து ஒரே டெஸ்ட் பெட்டில் ஏற்றி, யாருடையது எந்த இடத்தில் நிற்கிறது என்று அவரவருக்கு மட்டும் சொல்லும் வேலையைச் சங்கம் செய்யத் தடை ஏதும் இல்லை. குஜராத்தின் ராஜ்கோட் பம்பு விலையில் அடிக்கிறது என்ற புலம்பலைப் பல ஆண்டாகக் கேட்கிறோம். விலையில் தோற்பவர் வேறு எதில் ஜெயிக்கப்போகிறார் என்று யோசிக்க வேண்டாமா?

கல்லூரிகளைப் பட்டறைகளின் பக்கம் திருப்புவது இன்னும் கடினம். தேசியத் தரவரிசையில் ஆலோசனைப் பணிக்கு மதிப்பெண் உண்டு. அது வந்த ரூபாயை வைத்துக் கணக்கிடப்படுகிறது. ஒரு பெரிய கார் கம்பெனியிடம் ஐம்பது லட்சத்துக்கு ஒரு வேலை எடுத்த துறை மேலே போகும். நூறு பட்டறைக்குத் தலா ஐயாயிரம் ரூபாயில் கேசிங்கைத் திருத்திக்கொடுத்த துறை கீழேயே கிடக்கும். அதனால்தான் இறுதியாண்டு மாணவர்களின் புராஜெக்ட், பட்டறையிலிருந்து வராமல் கடையிலிருந்து வருகிறது. புராஜெக்டை ரெடிமேடாகச் செய்துகொடுக்கும் கடைகள் கல்லூரிச் சாலைகளில் போர்டு மாட்டிக்கொண்டே தொழில் நடத்துகின்றன.

இத்தனைக்கும் மேலே ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. திறனான பம்பைக் கேட்டு வாங்குகிறவர் யார்? 1990 முதல் தமிழ்நாட்டில் விவசாயிகள் எல்லாருக்கும் மின்சாரம் இலவசம். இந்தச் சலுகை கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. மோட்டார் 4.1 கிலோவாட் இழுத்தால் என்ன, 4.5 இழுத்தால் என்ன, விவசாயிக்குப் பில் ஒன்றுதான். அவர் பார்ப்பது விலை, தண்ணீர் விழுகிற வேகம், குறைந்த வோல்டேஜிலும் மோட்டார் கிளம்புகிறதா, எரிந்தால் ஊரிலேயே வைண்டிங் கட்ட ஆள் உண்டா என்பதைத்தான். கோவை மோட்டார் அந்தக் குறைந்த வோல்டேஜ் பரீட்சையில் நன்றாகவே தேறியது. வாங்குகிறவர் கேட்டார், பட்டறை கற்றுக்கொண்டது. திறனை யாரும் கேட்கவில்லை.

சூரியசக்தி பம்புகளில் நடந்தது இதற்கு நேர்மாறு. 'பி.எம். குசும்' திட்டத்துக்கு வாங்கும் பம்புகளுக்கு மத்திய அரசு வகுத்த விதிகளில், ஒரு வாட் சோலார் பலகைக்கு ஒரு நாளில் எத்தனை லிட்டர் தண்ணீர் என்று கேட்டார்கள். பலகை விலை அதிகம். மட்டமான பம்பு வைத்தால் கூடுதல் பலகை போட வேண்டும். உடனே உற்பத்தியாளர்கள் சோதனைக்கூடங்களை நோக்கி ஓடினார்கள். இதழ்க் கோணம், மோட்டார் காந்தம், கட்டுப்பாட்டுக் கருவி என்று பேச்சே மாறியது. வாங்குகிறவரின் ஒரு நிபந்தனை, பல ஆண்டு அறிவுரை செய்யாததைச் செய்தது.

விவசாயியிடம் இந்த நிபந்தனையைச் சுமத்த முடியாது. ஆனால், தமிழ்நாட்டில் பம்பு வாங்குகிற பெரிய கை அரசுதான். ஊராட்சிகள், பேரூராட்சிகள், குடிநீர் வடிகால் வாரியம் எல்லாம் ஆண்டு முழுவதும் வாங்குகின்றன. அங்கே மின்கட்டணத்தையும் அந்தந்த அமைப்புதான் கட்டுகிறது. முத்திரை இருந்தால் போதும், அதற்குப் பிறகு குறைந்த விலை யார் என்று பார்ப்பதே வழக்கம். பம்பின் விலையோடு, சோதனைக்கூடம் அளந்து சொன்ன திறனில் ஐந்து ஆண்டு ஓட ஆகும் மின்செலவையும் கூட்டி, அந்த மொத்தத்தில் யார் குறைவோ அவரிடம் வாங்கச் சொல்லலாம். சட்டத் திருத்தம் தேவையில்லை. டெண்டர் படிவத்தில் இரண்டு வரி சேர்த்தால் நடக்கும்.